சுவரொட்டி வாங்கிய லென்ஸ்

அவளுக்குச் சுவரொட்டி என்று பெயர் வைத்தவர் அவளுடைய கணவர். பஸ் கண்டக்டர். "உள்ள போங்க, உள்ள இடம் இருக்கு" என்று நாள் முழுக்கக் கத்தி, இல்லாத இடத்தை இருப்பதாகச் சொல்லியே பழகிப்போன வாய். ஒரு நாள் மச்சினி வீட்டில் மனைவி படம் எடுப்பதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். கேமராவைக் கண்ணிலிருந்து எடுக்காமல் அவள் பின்னால் போனாள், இன்னும் கொஞ்சம் போனாள், முதுகு சுவரில் முட்டியது. மூச்சை இழுத்து வயிற்றை உள்ளே தள்ளினாள். குதிகாலைத் தூக்கினாள். கடைசியில் பல்லி மாதிரி சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள். அப்படியும் மச்சினியின் இடது கை படத்துக்குள் வர மறுத்தது.

"பசை கூட வேணாம் போல. இனிமே உன் பேரு சுவரொட்டி," என்றார் கண்டக்டர்.

அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதனால் பெயரும் நிலைத்துவிட்டது. தெருவில், கடையில், சொந்தத்தில் எல்லாரும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தார்கள். தொலைபேசியில் அவளே, "சுவரொட்டிதாங்க பேசறேன், சொல்லுங்க" என்பாள்.

அதற்கு முன்பு ஒரு ஸ்டூடியோவில் பல வருடம் வேலை பார்த்தவள். சாலையை அகலப்படுத்துகிறோம் என்று அந்தக் கட்டடத்தை இடித்தபோது முதலாளி தொழிலுக்கே முழுக்குப் போட்டுவிட்டு மகன் வீட்டோடு போய்விட்டார். வேறு ஸ்டூடியோவில் போய்க் கேட்டிருந்தால் அவளை இரண்டு கையாலும் வரவேற்றிருப்பார்கள். அவள் கேட்கவில்லை. ஸ்டூடியோவுக்கு வராதவர்களைப் பற்றியே அவள் நெடுநாளாக யோசித்துக்கொண்டிருந்தாள். "எங்க அம்மாவால மாடிப்படி இறங்க முடியாதுங்க, நீங்க வந்து எடுப்பீங்களா?" என்று கேட்டு எத்தனையோ பேர் போன் செய்திருக்கிறார்கள். முதலாளி முடியாது என்பார். படுக்கையை விட்டு எழ முடியாதவர்கள், பிள்ளை பெற்று வாரம் ஆகாதவர்கள், வெளியே வரவே கூசுகிறவர்கள். அவர்களுக்கெல்லாம் முகம் இல்லையா என்ன?

ஒரு தோள்பை, மடக்குகிற ஸ்டாண்ட், ஒரு விளக்கு. இதோடு கிளம்பிவிட்டாள்.

ஸ்டூடியோவில் இடம் அவள் சொன்னபடி கேட்டது. வீடுகளில் அந்தப் பேச்சே இல்லை. கட்டிலைப் போட்டால் நடக்க வழி இருக்காது. நடக்க வழி இருந்தால் அதில் துணி காயும். அவளிடம் இருந்ததோ முகத்தை மட்டும் அழகாக எடுக்கிற லென்ஸ். நாலு பேரை அடக்க வேண்டுமென்றால் அது பத்தடி பின்னால் போகச் சொல்லும். அந்தப் பத்தடிக்காக அவள் படாத பாடு பட்டாள். கைகழுவும் தொட்டியின் மேல் உட்கார்ந்து எடுத்திருக்கிறாள். மாடிப்படியில் படுத்துக்கொண்டு எடுத்திருக்கிறாள். ஒரு வீட்டில் துணி அலமாரிக்குள் புகுந்து, சட்டைகளுக்கு நடுவே குந்தியபடி எடுத்தாள். வெளியே வந்து விடைபெற்றுத் தெருமுனை வரை போனபிறகுதான் காலரில் அவர்கள் வீட்டு ஹேங்கர் தொங்குவது தெரிந்தது. ஒரு வீட்டில்கூட "இடம் பத்தாதுங்க" என்று அவள் சொன்னதில்லை. அந்த வார்த்தையைக் கேட்கும்போது வீட்டுக்காரர்கள் முகம் எப்படிச் சுருங்கும் என்று அவளுக்குத் தெரியும். அவளும் சின்ன வீட்டில் இருப்பவள்தானே.

கடைசியில் முதுகு வலி தாளாமல், அகலமாக எடுக்கிற வைட் ஆங்கிள் லென்ஸ் ஒன்று வாங்கிவிடுவது என்று முடிவு செய்தாள்.

லென்ஸ் கடைக்காரர் அவளுக்கு ஸ்டூடியோ நாளிலிருந்தே பழக்கம்.

"ரூம் எவ்வளவு சின்னது?" என்று கேட்டார்.

"திரும்பணும்னா வெளிய போயிட்டு வரணும்."

அவர் உள்ளே போய், கைக்குழந்தையைத் தூக்கி வருவது போல இரண்டு கையாலும் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். முன்கண்ணாடி தவளைக் கண் மாதிரி பிதுங்கிக்கொண்டிருந்தது. "பதினாலு எம்.எம். வீடு விக்கறவங்க எல்லாரும் இதைத்தான் வாங்கறாங்க. குளியலறைக்குள்ள நின்னுக்கிட்டே முழுக் குளியலறையையும் எடுக்கலாம். சுவரு கொஞ்சம் கூட வளையாது."

அவள் கேமராவில் மாட்டிப் பார்த்தாள். கடையின் இரண்டு சுவரும், கூரையும், தரையும், கடைக்காரரின் செருப்பு வரை உள்ளே வந்துவிட்டன. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அன்று வீட்டுக்கு வந்து, இருந்த ஒற்றை அறையைப் படம் பிடித்துக் கணவரிடம் காட்டினாள்.

"யார் வீடு இது? இவ்வளவு பெருசா இருக்கு! வாடகைக்கு விடறாங்களா?" என்றார் அவர்.

அந்த வாரமே ஒரு வேலை வந்தது. கூப்பிட்டது ஒரு வீட்டின் மூத்த மகள். அவளுடைய அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். பக்கவாதம் வந்து இரண்டு வருடமாகப் படுக்கையில் இருக்கிறார். தம்பிக்குக் கப்பலில் வேலை கிடைத்து, ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறான். அதற்குள் எல்லாரும் சேர்ந்து ஒரு படம் வேண்டும்.

சுவரொட்டி போனாள். மூன்றாவது மாடி. முன்னறையிலேயே அப்பாவின் கட்டில், ஒரு பக்கம் பீரோ, எதிர்மூலையில் ஆளுயர ஃபிரிட்ஜ், மீதி இடத்தில் எட்டுப் பேர். அப்பா, அம்மா, மகள், மாப்பிள்ளை, அவர்களுடைய இரண்டு குழந்தைகள், கப்பலுக்குப் போகிற மகன். எட்டாவது ஆள் அப்பாவின் அக்கா. வீடே அவரை அத்தை என்றுதான் கூப்பிட்டது. பள்ளிக்கூட உணவு விடுதியில் சமையல் வேலை. நல்ல உயரம், நல்ல பருமன். அந்த அறையில் எங்கே நின்றாலும் யாருக்கோ வழிவிடுகிறவர் போல ஒதுங்கியே நின்றார்.

வேலை சட்டென்று முடிந்துவிட்டது. சுவரில் ஒட்ட வேண்டிய அவசியமே வரவில்லை. கட்டிலில் படுத்திருந்த அப்பாவுக்குப் பின்னால் எல்லாரும் வரிசையாக நின்றார்கள். அத்தை தானாகவே போய் வரிசையின் கடைசியில் நின்றுகொண்டார். கேமராவின் சின்னத் திரையில் எட்டுப் பேரும் இருந்தார்கள். அது போதும் என்று அவளுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

மறுநாள் மடிக்கணினியில் பெரிதாக்கிக் காட்டியபோது விஷயம் வெளிப்பட்டது. நடுவில் இருந்தவர்கள் சரியாகத்தான் இருந்தார்கள். ஓரத்துக்குப் போகப் போக ஆட்கள் பக்கவாட்டில் இழுபட்டிருந்தார்கள். ஒரு கோடியில் மாப்பிள்ளையின் தலை பூசணிக்காயாக இருந்தது. மறுகோடியில் அத்தை. அவருடைய தோளும் கையும் கன்னமும் இரண்டு ஆளுக்கு இருந்தன. கட்டிலில் படுத்திருந்த அப்பாவோ, ஒரு மூக்கும் போர்வையுமாக இருந்தார்.

"அத்தை பஸ்சு மாதிரி இருக்காங்க!" என்று சின்னக் குழந்தை கைதட்டியது. மகள் அதன் வாயைப் பொத்தினாள். மாப்பிள்ளை தன் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். அத்தையும் சிரித்தார். எல்லாரும் சிரித்து முடிக்கிற வரை சேர்ந்து சிரித்தார். பிறகு, சுவரொட்டி பையை மூடும்போது, பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்:

"ஏம்மா, என்னை வெட்டி எடுத்துடு. ஓரத்துலதான நிக்கறேன். மத்தவங்களுக்கு ஒண்ணும் ஆகாது. தம்பி மகன் கப்பல்ல மாட்டி வெச்சுக்கற படம், பாக்கறவங்க சிரிக்கக் கூடாது."

சுவரொட்டி பையின் வாரைத் தோளில் மாட்டினாள். "ரெண்டு நாள் குடுங்க, வேற எடுத்துத் தர்றேன்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

வீட்டில் கண்டக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அவங்களே சொல்றாங்களே, வெட்டிக் குடுத்தா என்ன?" என்றார்.

"அவங்களே சொன்னதாலதான் முடியாது."

அவள் அந்தக் குரலில் பேசினால் பேச்சு முடிந்தது என்று கண்டக்டருக்குத் தெரியும்.

மறுநாள் காலை கடை திறக்கும்போதே வாசலில் நின்றாள். தோளில் கேமராப் பை, கையில் ஒரு பை ஆரஞ்சுப் பழம். கடைக்காரர், யாரையோ ஆஸ்பத்திரியில் பார்க்கப் போகிறாள் என்றுதான் நினைத்தார்.

"என்னங்க, இது சுவரை வளைக்காதுன்னீங்க. ஆளை வளைச்சிடுச்சு," என்று படத்தைக் காட்டினாள்.

அவர் பார்த்தார். கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தார். "இவ்வளவு அகலத்துல சுவரை நேரா காட்டணும்னா, ஓரத்துல இருக்கறதை இழுத்துத்தான் ஆகணும். கதவு, ஜன்னலை இழுத்தா ஒருத்தருக்கும் தெரியாது. மூஞ்சிய இழுத்தா தெரியத்தான் செய்யும்." பிறகு நேர்மையாகவே சொன்னார்: "தப்பு என் மேலதாம்மா. ரூம் எவ்வளவு சின்னதுன்னு கேட்டேன். உள்ள யாரு இருப்பாங்கன்னு கேக்கல."

"இப்ப கேட்டுட்டீங்கல்ல. இருக்கறதை எல்லாம் எடுங்க."

கடைக்குப் பின்னால் சரக்கு வைக்கிற ஒடுக்கமான நடை ஒன்று இருந்தது. அந்த வீட்டு முன்னறையின் நீளம்தான் இருக்கும். அதன் கோடியில் இருந்த அலமாரித் தட்டில் ஆரஞ்சுகளை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை வரிசையாக அடுக்கினாள். நடுவில் கடைக்காரரை நிறுத்தினாள். எதிர்ச்சுவரில் ஒட்டிக்கொண்டு ஒவ்வொரு லென்ஸாக மாட்டி எடுத்தாள்.

தவளைக் கண்ணில் கோடியில் இருந்த ஆரஞ்சு பப்பாளியாக வந்தது. அடுத்து ஒன்று, மீன்கண் என்று சொல்வார்களே, அது பழத்தை உருண்டையாக விட்டுவைத்தது, ஆனால் அலமாரித் தட்டை வில்லாக வளைத்துவிட்டது. அந்த வீட்டு பீரோ இப்படி வளைந்தால் மகன் கப்பலில் மயக்கம் போட்டு விழுவான். இருபது எம்.எம். லென்ஸில் பழம் மாம்பழம் அளவுக்கு மெலிந்து வந்தது. முப்பத்தைந்தில் பழம் பழமாகவே இருந்தது, ஆனால் கோடியில் இருந்த இரண்டு பழங்களும் படத்திலேயே இல்லை. இருபத்துநாலில் வந்ததை நெடுநேரம் பார்த்தாள். கோடிப் பழம் லேசாக ஒரு பக்கம் இழுபட்டிருந்தது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினால்தான் தெரியும். அதற்கு அடுத்த பழத்தில் அதுவும் தெரியவில்லை.

"இப்ப நீங்க அந்தக் கோடிக்குப் போங்க," என்றாள் கடைக்காரரிடம்.

"நானா?"

"பழத்துக்குக் கன்னம் கிடையாதுல்ல."

அவர் போய் நின்றார். பிறகு ஒரு அடி உள்ளே வரச் சொன்னாள். பிறகு இன்னொரு அடி. கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவரையும் பிடித்து நிறுத்தினாள். எந்த இடத்துக்கு வெளியே ஆளை நிறுத்தக் கூடாது, எவ்வளவு கிட்டப் போனால் முன்னால் இருப்பவர் மூக்கு வீங்குகிறது, கேமராவை மேல் நோக்கித் திருப்பினால் சுவர் எந்தப் பக்கம் சாய்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்து மனதில் வாங்கிக்கொண்டாள். கடைக்காரருக்குக் கால் கடுத்தது. ஆனாலும் நகரவில்லை. இத்தனை காலம் லென்ஸ் விற்கிறவருக்கு, ஒருத்தர் இப்படி வாங்குவதைப் பார்ப்பதில் ஒரு சந்தோஷம் வந்துவிட்டது.

"இதுல வெளிச்சம் கூட வாங்கறது ஒண்ணு இருக்கு, பாக்கறீங்களா? விலை கொஞ்சம் கூட."

"வேணாங்க. முன்னால உக்காந்தவங்களும் பின்னால நிக்கறவங்களும் சேர்ந்து தெளிவா வரணும்னா, எப்படியும் லென்ஸோட கண்ணைச் சுருக்கித்தான் வெக்கணும். அவ்வளவு பெருசா திறக்கறது எனக்கு எதுக்கு?"

தவளைக் கண்ணைக் கொடுத்துவிட்டு இருபத்துநாலை எடுத்துக்கொண்டாள். ஆரஞ்சுகளை மூன்று பேரும் உரித்துத் தின்றார்கள்.

சனிக்கிழமை கண்டக்டருக்கு விடுமுறை. விளக்கைத் தூக்கிக்கொண்டு அவரும் கூட வந்தார். கடையில் அளந்து பார்த்ததெல்லாம் சரிதான், ஆனால் அந்த முன்னறையில் சுவரோடு ஒட்டி நின்று பார்த்தபோது எட்டுப் பேரில் ஆறு பேர்தான் உள்ளே வந்தார்கள். ஓரடி பின்னால் போனால் சரியாகிவிடும். அந்த ஓரடிக்குப் போக்கிடம் இல்லை. சுவரொட்டி அறையைச் சுற்றிப் பார்த்தாள். அவள் கண் எதிர்மூலையில் நின்றது.

"அந்த ஃபிரிட்ஜை வெளிய வைக்கலாமா?"

அம்மா திகைத்துப் போனார். "அது இந்த வீட்டுக்கு வந்த நாள்லேர்ந்து நகர்ந்ததே இல்லையேம்மா."

"இன்னைக்கு நகரட்டுங்க."

மாப்பிள்ளையும் மகனும் கண்டக்டரும் சேர்ந்து அதைத் தள்ளிக்கொண்டு போய்ப் படிக்கட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். அது நின்ற இடத்தில் ஒரு விரல் தடிமனுக்குத் தூசி. அதற்குள் இரண்டு கரண்டி, பொம்மைக் காரின் சக்கரம் ஒன்று, கூட்டிப் போட்டால் ஒரு பை அளவுக்குச் சில்லறைச் சாமான். மகள் வெட்கத்தில் துடைப்பத்தைத் தேடி ஓடினாள். சுவரொட்டி அதற்குள் தூசியிலேயே சம்மணம் போட்டு மூலைக்குள் முதுகைப் பொருத்தி உட்கார்ந்துவிட்டாள். மூலையிலிருந்து பார்க்கும்போது அறை குறுக்காக நீண்டது. வேண்டிய ஓரடிக்கு மேலேயே கிடைத்துவிட்டது. உட்கார்ந்ததில் கேமராவும் கட்டிலின் உயரத்துக்கு வந்துவிட்டது. அண்ணாந்தும் பார்க்க வேண்டாம், குனிந்தும் பார்க்க வேண்டாம்.

"வரிசை வேணாம். கட்டிலைச் சுத்தி வளைஞ்சு நில்லுங்க. ஓரத்துல ஒரு ஆளும் வேணாம்."

"அப்ப ஓரத்துல என்ன இருக்கும்?" என்று கேட்டது பெரிய குழந்தை.

"பீரோ இருக்கட்டும். அதுக்கு ரோஷம் கிடையாது."

கண்டக்டருக்கு இதற்கு மேல் சும்மா இருக்க முடியவில்லை. "நடுவுல வாங்க, நடுவுல வாங்க, இடம் இருக்கு! மாப்பிள்ளை சார், கம்பியைப் பிடிங்க," என்று ஆரம்பித்துவிட்டார். மாப்பிள்ளை நிஜமாகவே கையைத் தூக்கிக் கம்பியைத் தேடினார்.

அத்தையைக் காணவில்லை. சமையலறையில் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. சுவரொட்டி எழுந்து போய்க் கூப்பிடவில்லை. கட்டிலில் படுத்திருந்த அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஐயா எப்பவும் படுத்தே இருப்பாரா? உக்கார மாட்டாரா?"

"உக்காருவாருங்க," என்றார் அம்மா. "சாப்பிடும்போது, ஷேவ் பண்ணும்போதெல்லாம் உக்காருவாரு. ஆனா அண்ணி பிடிச்சுக்கணும். எங்களால அவரைத் தாங்க முடியாது."

"அப்ப அவங்களைக் கூப்பிடுங்க. ஐயா உக்காரணும்."

அத்தை கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். வேலை என்றதும் தயக்கமெல்லாம் போய்விட்டது. கட்டிலில் ஏறி உட்கார்ந்து, தம்பியின் முதுகுக்குப் பின்னால் ஒரு கையைக் கொடுத்து, தோளைத் தன் தோளில் சாய்த்து, ஒரே தூக்கில் நிமிர்த்தி உட்கார வைத்தார். எத்தனை ஆயிரம் முறை செய்திருந்தால் அப்படி வரும்! கிரேன் ஓட்டியவரின் முகம் போர்வையிலிருந்து வெளியே வந்து, மற்றவர்கள் முகத்துக்குச் சரியாக நின்றது. ஒரு கையால் அவருடைய சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு, "சரி, ஆச்சு, நான் எப்படி நகர்றது? விட்டா சாய்ஞ்சிடுவானே" என்றார் அத்தை.

"நகராதீங்க. அப்படியே இருங்க," என்றாள் சுவரொட்டி.

அத்தைக்கு அப்போதுதான் தான் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பது உறைத்தது. சரியாக நடுவில். "ஏம்மா, நான்..." என்று ஆரம்பித்தார். அதற்குள் தம்பி, வராத நாக்கை வரவழைத்து, "இரு, அக்கா" என்றார். அவ்வளவுதான். அத்தை அவரை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

முகங்களெல்லாம் இறுகிப்போய் இருந்தன. நாளைக்கு மகன் கிளம்புகிறான் என்ற நினைப்பு எல்லார் கண்ணிலும் இருந்தது. சுவரொட்டி காத்திருந்தாள். சிரிக்கச் சொல்லி அவள் யாரையும் கேட்பதில்லை. அந்த நேரம் பார்த்துப் படிக்கட்டிலிருந்து மேல்மாடிக்காரரின் குரல் வந்தது.

"ஏங்க, இந்த ஃபிரிட்ஜ் விக்கறதுக்கா? உள்ள பாதிப் பால் பாக்கெட் இருக்கே, அதுவும் சேர்த்தா?"

முதலில் வெடித்தது அத்தை. அவர் குலுங்கியதில் தம்பியும் சேர்ந்து குலுங்கினார். கோணலாகிப்போயிருந்த வாய் தன்னால் முடிந்த மட்டும் விரிந்தது. அம்மா அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். மகன் அப்பாவின் கையைப் பிடித்தான். சுவரொட்டியின் விரல் அப்போதுதான் அழுத்தியது.

மூலையிலிருந்து எழுந்து, மற்றவர்களைத் தாண்டிப் போய், அத்தையிடம்தான் முதலில் காட்டினாள். அத்தை கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"தம்பி உக்காந்திருக்கான் பாரு," என்றார் கடைசியில். இன்னும் கொஞ்சம் பார்த்தார். அகலமான தோள், அகலமான கை, அந்தக் கைக்குள் தம்பி. ஒன்றும் கூடவில்லை, ஒன்றும் குறையவில்லை. "நானும் நான் மாதிரியே இருக்கேன்."

ஞாயிற்றுக்கிழமை மகன் அந்தப் படத்தோடு கப்பலேறினான். கப்பலில் கூட வேலை செய்கிறவர்கள், நடுவில் உட்கார்ந்திருக்கிற அந்த அம்மா யார் என்றுதான் முதலில் கேட்கிறார்களாம். முன்னறைச் சுவரில் ஒரு பிரதி மாட்டினார்கள். பார்க்க வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, எங்கே எடுத்தது என்று விசாரித்தார்கள். இந்த அறையில்தான் என்றால் நம்பவில்லை. அப்படித்தான் சுவரொட்டிக்கு வேலை பெருகியது. போன இடத்திலெல்லாம் ஃபிரிட்ஜும் கட்டிலும் நகர்ந்தன. யாருடைய கன்னமும் இழுபடவில்லை. படத்தில் அறை இருக்கிற அளவுக்குத்தான் இருந்தது. ஆட்களும் அப்படியே. வீடு விற்கிறவர்கள் சிலர் கூப்பிட்டுப் பார்த்தார்கள். "எங்க ஹால் இன்னும் பெருசா தெரியணுமே" என்று இழுத்தார்கள். அதற்கு வேறு ஆள் இருக்கிறார்கள் என்று முகவரி கொடுத்து அனுப்பினாள்.

சில மாதம் கழித்து அத்தையே போன் செய்தார். அவர் வேலை செய்கிற உணவு விடுதியில், கூடச் சமைக்கிற பெண்களுக்கு ஒரு படம் வேண்டுமாம். இத்தனை வருடத்தில் அந்தச் சமையலறைக்குள் யாரும் கேமரா கொண்டுவந்ததில்லை. நீளமான அடுப்பு, மேலே தொங்கும் கரண்டிகள், ஆள் உயரப் பாத்திரங்கள், இடையில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் பின்வாங்க வேண்டிய வழி. சுவரொட்டி உள்ளே நுழைந்ததுமே லென்ஸ் மேல் ஆவி படிந்துவிட்டது. துடைத்தாள், மறுபடி படிந்தது. லென்ஸுக்கு அறையின் சூடு பழகட்டும் என்று காய்கறி மூட்டையின் மேல் உட்கார்ந்துகொண்டாள். ஒருத்தி தேநீர் கொடுத்தாள். பெண்கள் ஏப்ரனை அவிழ்க்கலாமா வேண்டாமா என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். அத்தை ஏப்ரனோடு, கரண்டியைக் கையில் பிடித்தபடி, அடுப்புக்கு முன்னால் நடுவில் போய் நின்று, "வாங்கடி, சோறு குழையறதுக்குள்ள எடுத்துடலாம்" என்று மற்றவர்களைக் கூப்பிட்டார்.